கிளி வாயால் மட்டுமா பேசுகிறது?

"எங்க வீட்டுக் கிளி முன்ன மாதிரி இல்லைக்கா. கையை நீட்டினா கடிக்குது. பேசுன்னா பேச மாட்டேங்குது. ரொம்பத் திமிராப் போச்சு!"

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர்ப் பக்கம் கிளி வளர்க்கும் வீடுகளில் இந்தப் புகாரை அடிக்கடி கேட்கலாம். திமிர் என்று பெயர் வைப்பதற்கு முன்னால், அது என்னதான் சொல்கிறது என்று ஒரு நாளாவது உட்கார்ந்து கவனித்திருக்கிறோமா?

'அக்கா', 'வாங்க', 'பால்' என்று நாலு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், கிளி பேசுகிறது என்று தெருவையே கூட்டிவிடுகிறோம். அந்த நாலு வார்த்தையும் நம்முடையது. தன் கூட்டத்தின் குரலைக் கேட்டுப் பழகுகிற பறவை அது. கூண்டில் கூட்டம் ஏது? அதனால் வீட்டுக் குரலைக் கற்றுக்கொள்கிறது. அதன் சொந்தப் பேச்சு கண்ணிலும் இறகிலும் அலகிலும்தான் இருக்கிறது.

முதலில் கண்ணைப் பாருங்கள். நடுவில் உள்ள கருமணி சட்டென்று சுருங்கி, விரிந்து, மறுபடி சுருங்கினால் கிளி பரபரப்பாக இருக்கிறது என்று அர்த்தம். கொய்யாப்பழத்தைக் கண்ட சந்தோஷமாகவும் இருக்கலாம், கோபமாகவும் இருக்கலாம். கூடவே உடம்பையும் பார்க்க வேண்டும். இறகை உடம்போடு ஒட்டிக்கொண்டு, கழுத்தை நீட்டி, குச்சி மாதிரி விறைத்து நின்றால் அது பயம். வாலை விசிறியாக விரித்து, கழுத்து இறகைச் சிலிர்த்து, அலகைத் திறந்தால் 'கிட்டே வராதே' என்கிறது. இத்தனையும் சொன்ன பிறகும் கூண்டுக்குள் கையை விட்டால் கடிக்காமல் என்ன செய்யும்? கடி என்பது அதன் கடைசி வார்த்தை. முதல் வார்த்தையிலேயே நாம் கையை எடுத்திருந்தால் காயமே பட்டிருக்காது.

நல்ல சேதிகளும் உண்டு. இரவு நேரத்தில் ஒரு காலைத் தூக்கி இறகுக்குள் சொருகிக்கொண்டு, அலகை நறநறவென்று தேய்த்தால் பயப்பட வேண்டாம்; நிம்மதியாகத் தூங்கப் போகிறது. தின்றதைக் கக்கி நம் விரலுக்கு ஊட்ட வந்தால் அருவருப்பு வேண்டாம். ஜோடிக்கும் குஞ்சுக்கும் செய்கிற உபசாரம் அது. தலையைச் சாய்த்துப் பார்ப்பது கொஞ்சலுக்காக அல்ல. கண்கள் இரண்டும் பக்கவாட்டில் இருப்பதால் ஒரு கண்ணால் உற்றுப் பார்க்கிறது, அவ்வளவுதான்.

இறகை உப்பி வைத்துக்கொண்டு பகலெல்லாம் தூங்கி விழுந்தாலோ, கூண்டின் தரையில் போய் உட்கார்ந்தாலோ, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினாலோ அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். பறவைகள் நோயை மறைத்து வைக்கும். நோஞ்சான் என்று தெரிந்தால் பருந்து தூக்கிவிடுமே! நம் கண்ணுக்குத் தெரியும்போது நோய் முற்றியிருக்கும்.

சமையலறையில் கூண்டை மாட்டுவது பெரிய ஆபத்து. நான்-ஸ்டிக் சட்டி காய்ந்து புகைந்தால், அந்தப் புகை கிளியின் உயிரையே எடுத்துவிடும். கொடைக்கானல் மலையிலிருந்து வரும் பட்டர் ஃப்ரூட்டும் சாக்லேட்டும் அதற்கு விஷம்.

இப்போது என் மனசை உறுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். சில கிளிகள் நாள் முழுக்கத் தலையை இடமும் வலமுமாக ஒரே மாதிரி ஆட்டிக்கொண்டிருக்கும். 'டான்ஸ் ஆடுது' என்று பிள்ளைகள் கை தட்டுவார்கள். சில கிளிகள் தன் நெஞ்சு இறகைத் தானே பிடுங்கிப் போடும். இரண்டும் வேடிக்கை இல்லை. நோய் இல்லையென்று மருத்துவர் சொன்னால், மிச்சம் இருப்பது தனிமைதான்.

சாயங்காலம் ஆனால் கிளி காது கிழியக் கத்துகிறதே, கவனித்திருக்கிறீர்களா? 'பசி போலிருக்கு' என்று நெல்லை அள்ளிப் போடுகிறோம். அந்த நேரத்தில் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். சோளக்காட்டிலும் திராட்சைத் தோட்டத்திலும் மேய்ந்த கிளிகள் கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு அடையப் போகும். கூண்டுக்கிளி கேட்பது நெல்லை அல்ல, அந்தக் கூட்டத்தை! காட்டில் டப்பா தட்டி விரட்டுகிறோம், வீட்டில் கம்பி போட்டு அடைக்கிறோம். கிளி எங்கேதான் போகும்?

கோடை தொடங்கும் மாதங்களில் மரப்பொந்துகளில் கைவிட்டுக் குஞ்சுகளை எடுத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள் என்றால், வாங்க நாம் இருப்பதால்தான். நம் ஊர்ப் பச்சைக்கிளி 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் வருகிறது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தில் அது இரண்டாம் அட்டவணையில் இருக்கிறது. பிடிப்பது, விற்பது, வளர்ப்பது எல்லாமே குற்றம். சிறையும் உண்டு, அபராதமும் உண்டு. 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு நடிகர் வீட்டிலிருந்தே வனத்துறையினர் இரண்டு கிளிகளைக் கொண்டுபோனார்கள். 'லவ் பேர்ட்ஸ்' போன்ற வெளிநாட்டுச் சிறு பறவைகளுக்கு இந்தத் தடை இல்லை. ஆனால் அவற்றுக்கும் தனிமை தாங்காது.

"பிள்ளைகள் திருப்பூர், சென்னை என்று போய்விட்டார்கள். பேச ஆளில்லாத வீட்டில் கிளிதானே எனக்குத் துணை?" என்று கேட்கும் பெரியம்மாக்களின் வேதனை எனக்குப் புரிகிறது. அதில் பொய்யில்லை. ஆனால் நம் தனிமைக்கு மருந்தாக இன்னொரு உயிரைத் தனிமையில் வைப்பது நியாயமா? கூண்டில் கிளி இருபத்தைந்து, முப்பது வருஷம்கூட உயிரோடு இருக்கும். அந்த அம்மாவுக்குப் பிறகு அது யாரிடம் போகும்?

சென்னை ராயப்பேட்டையில் 'கேமரா' சேகர் என்பவர் மொட்டை மாடியில் பலகை போட்டு, ஊறவைத்த அரிசி வைத்துப் பல வருஷமாக ஆயிரக்கணக்கான கிளிகளை வரவழைத்தார். கூண்டே இல்லாமல் அத்தனை துணை! நம் மாடியிலும் ஒரு சட்டி தண்ணீரும் ஒரு கை அரிசியும் வைக்கலாமே.

ஏற்கெனவே வீட்டில் கிளி இருந்தால், பாவம் தொலையட்டும் என்று கூண்டைத் திறந்து விரட்டிவிடாதீர்கள். பறக்கும் பலமும் இரை தேடும் பழக்கமும் இல்லாத கிளியைக் காக்காயும் பூனையும் விட்டு வைக்காது. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் ஒப்படைத்தால், பறக்கவிடுவதா, பராமரிப்பில் வைப்பதா என்பதை அவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மேகமலைக்கு அந்தப் பக்கம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தோளில் இருக்கும் கிளியைத் தினமும் இலைகளால் புதிதாகச் செய்கிறார்கள். தெய்வத்துக்கே இலைக்கிளி போதும் என்றால், நமக்கு மட்டும் உயிர்க்கிளி எதற்கு? சிந்திப்போமா சகோதரிகளே?

— ஒரு வாசகி, சின்னமனூர்.