பழைய புகையிரதத்துக்குப் புதிய மூளை



விளையாட்டுப் பொருள் என்றாலே அது பிள்ளையின் நேரத்தையும் பெற்றோரின் பணத்தையும் ஒருங்கே விழுங்குவது என்ற எண்ணம் எம்மவரிடையே வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. பொத்தானை அழுத்தி மூன்று நாள் விளையாடி, நான்காம் நாள் சலித்து ஒதுக்கிவிட்ட பொருள்கள் எமது இல்லங்களில் நிறையவே கிடக்கின்றன. ஆயின், ஒரு பழைய மாதிரிப் புகையிரத இயந்திரத்தைக் குறைந்த விலைக்கு வாங்கி, அதனுள் இக்கால இலத்திரன் கருவியைப் பொருத்தி, மீண்டும் ஓடச்செய்யும் முயற்சி அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது விளையாட்டின் வடிவில் அமைந்த ஒரு தொழிற்கூடம். அம்முயற்சியை எமது பிள்ளைகளுடன் சேர்ந்து, தமிழிலேயே செய்தல் வேண்டும் என்பதே நாம் இக்கட்டுரையில் முன்வைக்க விரும்பும் கருத்தாகும்.

எமது ஊரிலேயே ஒரு சான்று

பழையதைத் திருத்திப் பயன்படுத்துவது வறியோரின் வழி என்று கருதுவோர் அல்பர்ட்ஸ்லுண்ட் புகையிரத நிலையத்துக்கு ஒருமுறை சென்று பார்க்கட்டும். அந்நிலையத்தினூடாகச் செல்லும் பாதை சாதாரணமானதன்று. இன்றைய டென்மார்க்கின் முதலாவது புகையிரதப் பாதை 1847ஆம் ஆண்டில் கோப்பன்ஹேகனுக்கும் றொஸ்கில்டவுக்கும் இடையே திறக்கப்பட்டது. அப்பாதையே எமது ஊரைக் கடந்து செல்கின்றது. இன்று நாம் ஏறிச்செல்லும் எஸ் வண்டிகள் 1996ஆம் ஆண்டு முதல் சேவைக்கு வந்தவை. வானொலி அலைகளின் வழியே கட்டளை பெற்று ஓடும் புதிய கட்டுப்பாட்டு முறை 2022ஆம் ஆண்டில் எஸ் வண்டிப் பாதைகள் அனைத்திலும் நிறைவாக்கப்பட்டது. இதற்காக ஓடிக்கொண்டிருந்த வண்டிகளை எறிந்துவிட்டார்களா? இல்லை. அதே வண்டிகளின் உள்ளே புதிய கருவிகளைப் பொருத்தினார்கள். உடல் பழையது, மூளை புதியது. செல்வம் மிக்க நாடே இவ்வாறு செய்கின்றதெனில், இது வறுமையின் வழியன்று. அறிவின் வழி என்பது தெளிவு.

இந்நாட்டின் பெருமைக்குரிய எம்-வை என்னும் டீசல் இயந்திரங்கள் இன்னொரு சான்று. சுவீடனின் துரொல்ஹெத்தான் நகரிலுள்ள நோஹாப் தொழிற்சாலை 1954 முதல் 1965 வரை டென்மார்க்குக்கு 59 எம்-வை இயந்திரங்களைச் செய்து கொடுத்தது. அவற்றின் உள்ளே இருந்தது அமெரிக்க ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் 567 வகை டீசல் பொறி. அதே 1954ஆம் ஆண்டில், கனடா நாட்டின் உதவியாகக் கொழும்புத் திட்டத்தின் கீழ் இலங்கைக்கு எம்-2 வகை இயந்திரங்கள் வந்து சேரத் தொடங்கின. அவற்றுக்குக் கனடிய மாகாணங்களின் பெயர்கள் சூட்டப்பட்டன. 570ஆம் இலக்கம் தாங்கியதன் பெயர் அல்பேர்ட்டா. அவற்றின் உள்ளே இருந்ததும் அதே 567 குடும்பத்துப் பொறியே. உருளையும் ஆடுதண்டும் ஒரே தொகுதியாகக் கழற்றி மாற்றப்படக்கூடிய வகையில் அப்பொறி அமைக்கப்பட்டிருந்தது. திருத்துவதற்கென்றே செய்யப்பட்டமையால் அவ்வியந்திரங்கள் பல தசாப்தங்கள் உழைத்தன.

எமது தலைமுறைக்கு இவ்விடயம் வெறும் தகவலன்று. யாழ்ப்பாணத்துக்கான புகையிரத சேவை 1990இல் நின்றது. 2014 ஒக்ரோபரிலேயே மீண்டும் வந்தது. அவ்விடைக்காலத்தில் வடக்கில் சிறுவராய் வளர்ந்த நாம் தண்டவாளங்களைப் பதுங்குகுழிகளின் கூரைகளிலேயே கண்டோம். புகையிரதத்தைப் படத்தில் பார்த்துக் கற்றோம். ஆசிரியரானபின் படத்தைக் காட்டியே கற்பித்தோம். எமது பிள்ளைகளுக்கோ அதனைக் கையிலெடுத்து, திறந்து, உள்ளே பார்க்கும் வாய்ப்பு வாய்த்திருக்கின்றது. அதனை வீணாக்கலாமா?

இடாப்பு வாசிக்கும் தண்டவாளம்

மாணவர்களே, பழைய முறைக்கும் புதிய முறைக்கும் உள்ள வேறுபாட்டை முதலில் விளங்கிக்கொள்ளுங்கள். பழைய முறையில் தண்டவாளத்துக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கூட்டினால் வண்டி விரையும், குறைத்தால் நிற்கும். ஒரே தண்டவாளத்தில் இரண்டு இயந்திரங்களை வைத்தால் இரண்டும் ஒன்றாகவே ஓடும். ஒன்றை நிறுத்தி மற்றதை ஓட்டுதல் இயலாது.

புதிய இலக்கமுறையில் தண்டவாளத்தில் எப்போதும் முழு மின்னழுத்தமும் இருக்கும். அம்மின்னோட்டம் மிக விரைவாகத் திசைமாறிக்கொண்டேயிருக்கும். ஒவ்வொரு துடிப்பின் நீளமும் ஓர் எழுத்தைக் குறிக்கும். அரைத்துடிப்பு 58 மைக்குரோ செக்கன் நீடித்தால் அது 'ஒன்று'. 100 மைக்குரோ செக்கன் அல்லது அதற்கு மேல் நீடித்தால் அது 'பூச்சியம்'. இவ்வொன்றுகளும் பூச்சியங்களும் சேர்ந்து கட்டளையாகின்றன. ஒவ்வோர் இயந்திரத்தினுள்ளும் டிகோடர் என்னும் சிறு கருவி அமர்ந்து, அக்கட்டளைகளைக் கேட்டுக்கொண்டிருக்கும். வகுப்பில் ஆசிரியர் இடாப்பு வாசிக்கும்போது அனைவரும் கேட்கின்றனர். பெயர் அழைக்கப்பட்டவர் மட்டுமே எழுந்து நிற்கின்றார். அதுபோலவே, தனது இலக்கம் அழைக்கப்பட்ட இயந்திரம் மட்டுமே ஓடுகின்றது. புதிய டிகோடர் ஒன்றின் இலக்கம் பெரும்பாலும் 3 ஆக இருக்கும். பின்னர் நாம் விரும்பிய இலக்கத்தை இடலாம்.

வாங்குமுன் ஆராய்க

பழம்பொருட் சந்தைகளிலும் இரண்டாங்கைக் கடைகளிலும் பழைய மாதிரி இயந்திரங்கள் கிடைக்கின்றன. இந்நாட்டில் இரண்டு மரபுகள் உண்டு. ஒன்று, ஜேர்மனியின் மேர்க்லின் நிறுவனத்தினுடையது. தண்டவாளத்தின் நடுவே புள்ளிகளாக அமைந்த மூன்றாவது தொடுகையிலிருந்து மின்னைப் பெறுவது. மற்றையது, இரண்டு தண்டவாளங்களிலிருந்து மின்னைப் பெறுவது. இரண்டிலும் பெரும்பான்மையானவை எச்-பூச்சியம் எனப்படும் அளவின, அதாவது உண்மையானதன் 87இல் ஒரு பங்கு. ஒன்றின் இயந்திரம் மற்றதன் பாதையில் ஓடாது. ஆதலால் வீட்டில் எத்தகைய தண்டவாளம் உள்ளது என்பதை அறிந்தே வாங்குக.

வாங்குமுன் மேலுறையைக் கழற்றி உட்பகுதியைப் பார்க்க அனுமதி கேளுங்கள். வார்ப்புலோகச் சட்டம் வெடித்தோ வீங்கியோ இருந்தால் அதனை விட்டுவிடுங்கள். நாகக் கலப்புலோகத்தில் ஈயம் முதலிய மாசுகள் கலந்திருந்தால், காலப்போக்கில் அது உதிர்ந்துவிடும், அதற்கு மருந்தில்லை. பற்சக்கரங்களில் வெடிப்புண்டா, சக்கரங்கள் தடையின்றிச் சுழல்கின்றனவா என்றும் நோக்குக. எண்ணெய் காய்ந்து பிசினாகியிருத்தல், இறப்பர் வளையங்கள் இறுகியிருத்தல், மின்குமிழ் எரிந்திருத்தல் ஆகியவை குறைகளல்ல. இவை எளிதில் திருத்தத்தக்கவை.

பழைய மின்மாற்றியை மட்டும் பயன்படுத்தாதீர்கள். அதன் உள்ளே வருவது வீட்டு மின்சாரம். ஆண்டுகள் பல சென்று வடத்தின் உறை வெடித்திருப்பின் உயிருக்கே ஆபத்தாகும். அன்றியும், பழைய கட்டுப்பாட்டுப் பெட்டியையும் புதிய இலக்கமுறைக் கருவியையும் ஒரே தண்டவாளத்தில் இணைத்தல் ஆகாது.

பொருத்தும் முறை

முதலாவது வேலை, டிகோடர் வாங்குவதன்று. இயந்திரத்தைத் துப்புரவாக்கி, எண்ணெயிட்டு, பழைய முறையிலேயே சீராக ஓடச்செய்தல். சீராக ஓடாத இயந்திரத்தை எந்த இலத்திரன் கருவியும் சீராக்காது. அடுத்து, அதன் மோட்டாரைச் சுழலவிடாது ஒரு கணம் பிடித்து, எத்தனை அம்பியர் மின்னோட்டத்தை இழுக்கின்றது என அளந்தறிக. இவ்வளவு கொண்ட இயந்திரங்களுக்கான சாதாரண டிகோடர் பெரும்பாலும் ஓர் அம்பியரைத் தாங்கும். அதற்கு மேல் இழுத்தால் வலிமை கூடிய டிகோடர் வேண்டும்.

இரண்டு தண்டவாள முறையில் இன்றியமையாத படி ஒன்றுண்டு. பழைய இயந்திரங்கள் பலவற்றில் மோட்டாரின் ஒரு முனை உலோகச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டிருக்கும். சட்டம் தண்டவாளத்துடன் தொடர்புற்றிருக்கும். அத்தொடர்பைக் காவலி இட்டு முற்றாகப் பிரித்தல் வேண்டும். பிரிக்காமல் மின்னைச் செலுத்தினால் டிகோடர் அக்கணமே கருகும். பின்னர், பொதுநியமப்படி அமைந்த டிகோடரின் கம்பிகளை நிறமறிந்து இணைக்கவேண்டும். சிவப்பும் கறுப்பும் தண்டவாளத்திலிருந்து மின்னைப் பெறுவன. செம்மஞ்சளும் சாம்பலும் மோட்டாருக்குச் செல்வன. வெள்ளை முன்விளக்குக்கும், மஞ்சள் பின்விளக்குக்கும், நீலம் விளக்குகளின் பொது நேர்முனைக்கும் உரியன. மேர்க்லின் நிறுவனம் வேறு நிறவொழுங்கைக் கையாண்டுள்ளமையால், கருவியுடன் வரும் குறிப்பேட்டை வாசியாமல் கம்பியைத் தொடற்க.

மேர்க்லின் பழைய மோட்டார்களில் காந்தத்துக்குப் பதிலாகக் கம்பிச்சுருள் இருக்கும். அச்சுருளை அகற்றி நிலையான காந்தம் ஒன்றைப் பொருத்தினால், அது டிகோடரின் கட்டளைக்கு நன்கு பணியும். மோட்டார் சுழலும்போது அதுவே பிறப்பிக்கும் பின் மின்னியக்க விசையை டிகோடர் அளந்து, ஏற்றத்திலும் இறக்கத்திலும் ஒரே வேகத்தைக் காக்கும். அம்மெல்லிய நடையைக் கண்ட பிள்ளை, பௌதிகவியற் பாடத்தில் அச்சொல்லைச் சந்திக்கும்போது ஒருபோதும் மருளாது.

எதனைக் காப்பது?

புதுமைப்படுத்தல் என்ற பெயரில் அனைத்தையும் மாற்றுதல் எமக்கு உடன்பாடன்று. பெட்டியோடு, பழுதற்று, அரிதாய்க் கிடைத்த இயந்திரத்தை அவ்வாறே பேணுதலே முறை. திருத்தும் இயந்திரத்திலும், கழற்றிய பாகங்கள் ஒவ்வொன்றையும் பெயரெழுதிப் பெட்டியிலிட்டு வைக்கவேண்டும். சட்டத்தை வெட்டியும் துளைத்தும் உருமாற்றுதல் கூடாது. பின்னொரு காலத்தில் வேறொருவர் அதனைப் பழைய நிலைக்கு மீட்க விரும்பினால், அதற்கு வழியிருத்தல் வேண்டும். புதியதை ஏற்பதற்காகப் பழையதை அழிக்கத் தேவையில்லை என்பதை வாயால் ஆயிரம் முறை கூறுவதிலும், இச்சிறு பெட்டி பிள்ளைக்கு நன்கு உணர்த்தும்.

ஏன் தமிழில்?

இனி, கருத்தின் மையத்துக்கு வருவோம். எமது பிள்ளைகள் மேடையில் தமிழ் பேசுகின்றனர். பரீட்சையில் தமிழ் எழுதுகின்றனர். ஆனால் கையில் ஒரு திருகாணியை எடுத்த மறுகணம் டேனிஷ் மொழிக்கு மாறிவிடுகின்றனர். காரணம் அவர்களுடைய அலட்சியமன்று. வேலை செய்யும் இடத்தில் நாம் அவர்களுக்குத் தமிழைக் கொடுக்கவில்லை. கடத்தி, காவலி, தடையி, கொள்ளளவி, இருவாயி, பற்றாசு ஆகிய சொற்கள் யாவும் எம்மிடம் உள்ளன. இலங்கையில் தமிழ் மொழிமூலம் விஞ்ஞானம் கற்ற பெற்றோர் இவற்றைப் பாடநூல்களில் படித்தவர்களே. டென்மார்க்கில் முதற் புகையிரதம் ஓடிய அதே 1847இல் யாழ்ப்பாணம் வந்த மருத்துவர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மேலைத்தேய மருத்துவத்தையே தமிழில் கற்பித்தார். உடலைத் திறந்து காட்டத் தமிழ் போதுமாயிருந்தது. பொம்மை வண்டியைத் திறந்து காட்டப் போதாதா?

'பரீட்சைக்குப் படிக்கும் நேரம் கெடும்' என்பர் சிலர். மாதத்தில் இரண்டு மணித்தியாலம் எந்தப் பரீட்சையையும் கெடுக்காது. 'இதற்கெல்லாம் பணம் எங்கே?' என்பர் வேறு சிலர். புதிய இயந்திரம் விலையுயர்ந்ததே. பழைய இயந்திரமும் டிகோடரும் சேர்ந்தாலும் பெரும்பாலும் சில நூறு குறோணர்களுக்குள் அடங்கும். பல குடும்பங்கள் சேர்ந்தால் சுமை இன்னும் குறையும். 'இவை டேனிஷ் பாடசாலையில் கற்பிக்கப்படுமே' என்பாரும் உளர். கற்பிக்கப்படலாம். ஆனால் தந்தையோ தாயோ அருகிருந்து, 'கம்பியைச் சற்று உயர்த்திப் பிடி, பற்றாசு உருகட்டும்' என்று சொல்லும் தமிழ் அங்கே கிடைக்காது.

ஆகவே, எமது வார இறுதித் தமிழ்ப் பாடசாலையில் ஒரு மேசையை இதற்கென ஒதுக்குவோம். தொழிற்சாலைகளில் மின்னிணைப்பு வேலை அறிந்த தாய்மாரும் தந்தையரும் எம்மிடையே உள்ளனர், அவர்கள் ஆசிரியராகட்டும். பற்றாசு வைக்கும் வேலையைப் பெரியோர் மேற்பார்வையில், காற்றோட்டமுள்ள இடத்தில், ஈயங்கலவாத பற்றாசு கொண்டு மூத்த மாணவர் செய்யட்டும். இளையோர் பாகங்களைத் துப்புரவாக்கி, பெயரெழுதி, பெட்டியில் அடுக்கட்டும். அடுத்த ஆண்டு விழாவில் கவிதையும் நடனமும் நாடகமும் வழமைபோல் மேடையேறட்டும். மண்டபத்தின் ஒரு மூலையில், பிள்ளைகள் தம் கையால் திருத்திய பழைய இயந்திரம் ஒன்று ஓடட்டும்; அது எவ்வாறு ஓடுகின்றது என்பதை அப்பிள்ளைகளே தமிழில் வந்தோருக்கு விளக்கட்டும். அதற்கான முதல் இயந்திரத்தை இவ்வாண்டே தேடி வாங்குவோமாக!