சூளையிலிருந்து எழட்டும் கேள்வி

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் இருக்கிறது. பக்கத்திலேயே நெய்வேலிக் களிமண். ஆராய்ச்சி நிதி கேட்க இதைவிடத் தோதான ஊர் எது?

2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளைக்கு ஐந்தாண்டு இலக்கு 50,000 கோடி ரூபாய். அதில் பெரும்பங்கு அரசுக்கு வெளியே திரட்ட வேண்டியது என்பது வேறு கதை. மாணவர் திட்டங்களுக்கு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றமும் உதவுகிறது.

ஆனால் 'பீங்கான் துறையை மேம்படுத்துவோம்' என்று பொத்தாம்பொதுவாக எழுதினால் பணம் வராது. எது தெரியவில்லை, அதை எப்படிக் கண்டறிவீர்கள் என்பதே மதிப்பீட்டாளரின் கேள்வி. அகல் விளக்கு சூளையில் விரிசல் விடுவது எந்தக் கலவையில், எந்த வெப்பத்தில்? சுடும் வெப்பத்தை 50 டிகிரி குறைத்தால் எரிபொருள் எவ்வளவு மிச்சம், பொருளின் வலிமை எவ்வளவு போகும்? இப்படிக் கேட்க வேண்டும். நாலைந்து சோதனைத் துண்டுகளை முன்பே சுட்டு, அளவுகளையும் இணைத்தால் விண்ணப்பத்துக்குத் தனி கனம் வரும். கருவிப் பட்டியலை நீட்டுவதால் வராது.

இந்தக் கேள்விகள் பட்டறைக்காரர்களிடம்தான் இருக்கின்றன. கல்வி நிலையம் அவர்களையும் கூட்டாளிகளாகச் சேர்த்து அடுத்த விண்ணப்பத்தை எழுதட்டும்.