வாகனக் குளியல்

வண்டலூர் வாலாஜாபாத் சாலையில் படப்பையைக் கடந்து ஒரகடத்தை நெருங்குகையில் சேரப்பணஞ்சேரி வருகிறது. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ வெளிவந்தது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிசான் ஆலை திறக்கப்பட்டது. கார் செய்யும் வட்டாரம் மெல்ல மெல்லக் கார் வைத்திருக்கும் வட்டாரமாகவும் ஆயிற்று. இதில் நமக்கு வருத்தமில்லை. உழைத்து வாங்கிய வாகனத்தை உள்ளும் புறமும் தூய்மையாக வைத்திருக்க விரும்புவதும் குற்றமன்று. ஆனால் ஞாயிறு காலையில் வாசற்குழாயைத் திறந்துவிட்டுக் காரைக் குளிப்பாட்டுகிறோமே, அந்த வழக்கத்தோடுதான் நமக்கு வழக்கு.

ரப்பர் குழாய் நிமிடத்துக்குப் பத்து லிட்டராவது கொட்டும். இருபது நிமிடத்தில் இருநூறு லிட்டர். 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டம் கிராமத்தில் ஒருவருக்கு நாளொன்றுக்கு வகுத்த அளவு 55 லிட்டர். ஏறக்குறைய நான்கு பேரின் பங்கை ஒரு கார் குடித்துவிடுகிறது! அதே 2019 கோடையில் செம்பரம்பாக்கம் ஏரி வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்ததை அதற்குள் மறந்துவிட்டோமா? 2024 மார்ச்சில் பெங்களூரில் குடிநீரால் கார் கழுவினால் 5000 ரூபாய் அபராதம் என அறிவித்தார்கள். நமக்கும் அபராதச் சீட்டு வந்தால்தான் மனம் இரங்குமோ?

"வண்டி அழுக்காகவே இருக்கட்டுமா, ஃபாதர்?" என்று கேட்பார்கள். வேண்டாம். இரண்டு வாளித் தண்ணீர் போதும்; ஒன்றில் சோப்பு நுரை, மற்றொன்றில் துணியை அலச நல்ல நீர். நிழலில் நிறுத்தி, கூரையில் தொடங்கிக் கீழ்நோக்கித் துடைக்க வேண்டும். சக்கரங்கள் கடைசியில், வேறு துணியால். வெயிலில் கொதிக்கும் தகட்டில் நீர் ஊற்றினால் காய்ந்து கறையாகப் படியும். உள்ளே தண்ணீருக்கு வேலையே இல்லை. மிதியடிகளை எடுத்துத் தட்டி, இருக்கைத் தூசியை உறிஞ்சு கருவியால் எடுத்து, ஈரத்துணியால் ஒற்றினால் போதும். நனைந்த இருக்கை பூஞ்சணம் பிடித்து நாறும்; பிறகு அந்த நாற்றத்தை மறைக்க வாசனைப் புட்டி வாங்குவோம்.

பாலிஷைப் பற்றியும் ஒரு சொல். பாலிஷ் என்பது பூச்சன்று, தேய்ப்பு. வண்ணத்தின் மேலுள்ள மெல்லிய தெளிபூச்சில் ஒரு படலத்தைச் சுரண்டித்தான் அந்த மினுமினுப்பு பிறக்கிறது. மாதந்தோறும் மினுக்குபவர் தம் காரின் தோலையே உரிக்கிறார். காப்பாற்ற வேண்டுமானால் மெழுகு பூசலாம்.

இவையெல்லாம் தண்ணீரும் தகடும். நம்மை உறுத்துவது கழுவுபவரின் கை. சக்கரக் கறை நீக்கும் சில திரவங்களில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் உண்டு. தோலில் பட்டதும் எரியாமல், சில மணி நேரம் கழித்து எலும்புவரை நோகச் செய்யும் நஞ்சு அது. கையுறையின்றி அதைத் தொடும் இளைஞருக்கு அதைச் சொன்னவர் யார்? புட்டியில் அச்சிட்ட எச்சரிக்கையை அவருக்குப் படித்துக் காட்டக்கூட நமக்கு நேரமில்லை. பம்பரில் ஒரு சிறு கீறலைக் கண்டால் மட்டும் அவரை நிறுத்தி விசாரிக்க அரைமணி நேரம் கிடைக்கிறது.

புதுக் காரை மந்திரிக்கக் கோயில் வாசலுக்குக் கொண்டுவருகிறார்கள். முதல்நாள் இரவே கழுவி, மெழுகிட்டு, மாலை சூட்டி! நாம் தெளிப்பதோ சில துளிகள். தூசியோடு கொண்டுவாருங்கள், அன்பர்களே. அப்படியே மந்திரித்துத் தருகிறோம்.