நுங்கம்பாக்கத்தில் தென்பட்ட ‘ஆசியா’

1861 ஏப்ரல் 17 அன்று, சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வகத்தில் நார்மன் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். ஆசியக் கண்டத்திலிருந்து கண்டறியப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். ‘67 ஆசியா’ என்பது அதன் பெயர். போக்சன் அரசு வானியலராகச் சென்னைக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரே இரவில் நடந்து முடிந்த செயலாக இது தோன்றலாம். உண்மையில் அந்த இரவு ஒரு தொடக்கம் மட்டுமே.

சிறுகோள் என்பது சூரியனைச் சுற்றிவரும் பாறைப் பொருள். பெரும்பாலான சிறுகோள்கள் செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட அகன்ற வளையத்தில் சுற்றுகின்றன. அந்த வளையமே சிறுகோள் பட்டை. ஆசியாவின் குறுக்களவு ஏறக்குறைய 60 கி.மீ. ஆனாலும் அக்காலத் தொலைநோக்கியில் அது வெறும் மங்கலான புள்ளி. சுற்றியுள்ள விண்மீன்களும் புள்ளிகளே.

அதைக் காட்டிக்கொடுப்பது அதன் நகர்வு. அன்று சிறுகோள் தேடலுக்கு ஒளிப்படம் துணைக்கு வந்திருக்கவில்லை. தொலைநோக்கி வழியே கண்ணால் பார்த்து, விண்மீன் வரைபடத்தோடு ஒவ்வொரு புள்ளியாக ஒப்பிட வேண்டும். வரைபடத்தில் இல்லாத ஒரு புள்ளி தென்பட்டாலும் உடனே முடிவுகட்ட இயலாது. வரைந்தவர் விட்டுவிட்ட விண்மீனாக இருக்கலாம். ஒளி கூடிக்குறையும் விண்மீனாகவும் இருக்கலாம். மறுநாள் பார்க்கும்போது இடம் மாறியிருந்தால்தான் ஐயம் தெளியும். சூரியனுக்கு நேர் எதிர்த் திசையில் சிறுகோள் வந்து நிற்கும் நிலைக்கு எதிர்நிலை என்று பெயர். அந்த நாள்களில் பட்டைச் சிறுகோள் ஒன்று ஒரு நாளில் முழுநிலவின் விட்டத்தில் சுமார் பாதியளவு மேற்கே நகர்வதுபோல் தெரியும். உண்மையில் அது கிழக்கு நோக்கித்தான் செல்கிறது. பூமி அதைவிட விரைந்து முந்துவதால் அது பின்வாங்குவதுபோல் தோன்றுகிறது.

நகர்கிறது என்று தெரிந்தால் மட்டும் போதாது. சில மாதங்களில் அது சூரிய ஒளியில் மறைந்துவிடும். திரும்ப வரும்போது எங்கே தேடுவது? 1801-இல் வானியலர் பியாட்சி கண்ட சீரிஸ் என்ற சிறுகோள் இப்படித்தான் மறைந்தது. சில இரவுகளில் அளந்த இடங்களை மட்டும் கொண்டு முழுப் பாதையையும் கணிக்கும் முறையை இளம் கணிதவியலர் காஸ் வகுத்தார். அவர் கணித்த இடத்துக்கு அருகிலேயே அவ்வாண்டின் கடைசி நாளில் சீரிஸ் மீண்டும் அகப்பட்டது.

ஆசியாவின் பாதை ஒரு நீள்வட்டம். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள சராசரித் தொலைவை ஒரு வானியல் அலகு என்பர்; அது ஏறத்தாழ 15 கோடி கி.மீ. ஆசியா சூரியனை நெருங்கும்போது 1.97 அலகு தொலைவிலும், விலகும்போது 2.87 அலகு தொலைவிலும் இருக்கிறது. சராசரி 2.42 அலகு. இந்தச் சராசரி தெரிந்தால் கெப்ளரின் விதிப்படி சுற்றுக்காலமும் தெரிந்துவிடும்: 3.77 ஆண்டு. இது செவ்வாயின் சுற்றுக்காலத்தைப்போல் ஏறக்குறைய இரு மடங்கு. பூமியும் நகர்ந்துகொண்டே இருப்பதால், ஆசியாவின் எதிர்நிலை சுமார் 16 மாதங்களுக்கு ஒருமுறை வாய்க்கிறது.

கிரேக்கத் தொன்மத்தின் ஆசியாவையும் கண்டம் ஆசியாவையும் ஒருசேரக் குறிக்கிறது அதன் பெயர். அன்று கண்டறிந்த வரிசைப்படியே எண் கிடைத்தது. அந்த வழக்கத்தில் ஓர் இடர் இருந்தது. 1911-இல் வியன்னாவில் கண்டறியப்பட்ட ஆல்பர்ட், 719 என்ற எண்ணைப் பெற்றிருந்தும் தொலைந்துபோனது. 2000-இல்தான் அது மீண்டும் கிடைத்தது. பாதையைத் துல்லியமாகக் கணிக்கும் அளவுக்கு அதைத் தொடர்ந்து பார்க்க முடியாமல் போனதே காரணம்.

இப்போது முதலில் தற்காலிகக் குறியீடு மட்டுமே தரப்படுகிறது. பாதை உறுதியான பிறகே எண். அதன் பிறகு, கண்டுபிடித்தவர் பத்தாண்டுக்குள் பெயரை முன்மொழியலாம். பன்னாட்டு வானியல் ஒன்றியத்தின் குழு ஒப்புதல் தர வேண்டும். பெயரைத்தான் உலகம் நினைவில் வைக்கிறது. ஆனால் பல இரவுகளின் உழைப்புக்குச் சான்றாக நிற்பது எண்ணே என்பது என் எண்ணம்.

1885-இல் போக்சன் 245 வேராவைக் கண்டபின், நூறாண்டுக்கும் மேலாக இந்தியாவிலிருந்து புதிய சிறுகோள் எதுவும் கண்டறியப்படவில்லை. 1988 பிப்ரவரி 17 அன்று, ஜவ்வாது மலையிலுள்ள காவலூரில் ஆர். ராஜமோகன் ஒன்றைக் கண்டார். ‘1988 டிகியூ1’ என்பது அதற்குக் கிடைத்த குறியீடு. ‘டி’ பிப்ரவரியின் பிற்பாதியைச் சுட்டுகிறது. ‘கியூ1’ அந்த அரை மாதத்தின் 41-ஆவது குறியீடு என்பதைச் சுட்டுகிறது. பாதை உறுதியானதும் 4130 என்ற எண் வந்தது. அதன் பிறகே அது ராமானுஜன் ஆனது.