கிறுக்கல் என்று நகைப்போர்க்கு

‘இதை எம் வீட்டுப் பிள்ளையும் கிறுக்குமே!’ மறைந்த ஓவியர் கே. இராமானுஜத்தின் படமொன்றைக் கண்டு இராயபுரத்து அன்பர் ஒருவர் நகைத்தார். நாம் உடன்படோம். சென்னை ஓவியக் கல்லூரியில் முறையாகப் பயின்று, சோழமண்டலக் கலைஞர் கிராமத்தில் வாழ்ந்து, 1973-இல் மறைந்தவர் அவர். விந்தை விலங்குகளும் கனவு மாளிகைகளும் நிறைந்த உலகை நுண்கோடுகளால் பொறுமையாக நெய்தார். கற்ற பின்னும் குழந்தைக் கண்ணை இழவாமை எளிதோ? ஸ்பானியர் மீரோ வரைந்தால் ‘சர்ரியலிசம்’. நம்மவர் வரைந்தால் கிறுக்கலா?

பிள்ளைகளையேனும் கிறுக்க விடுகிறோமா? நம் மறைக்கல்வி வகுப்பு ஓவியப் போட்டியில், எண்ணூர்ச் சிறுமி ஒருத்தி ஆலைப் புகைபோக்கிக்கு மேலே மீன்கள் பறப்பதாய் வரைந்தாள். ஒதுக்கினோம், ஒதுக்கியது நம் கையே. பரிசு பெற்றதோ இரு மலை, நடுவே கதிரவன், ஓரத்தில் தென்னை! எண்ணூரில் மலை ஏது, அன்பர்களே?