உணர்விழந்த தோலும் உணர்விழந்த குமுகாயமும்

செங்கற்பட்டினின்று திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லைக் கடற்கரைக்குச் செல்வோர் நாள்தோறும் பலர். பல்லவர் காலத்துக் கைகள் கல்லிற் செதுக்கிய களிற்றையும் கறவை ஆவையும் கண்டு வியந்து மீள்கின்றனர். அக்கைகளைப் போற்றும் தமிழர், செங்கற்பட்டையடுத்த திருமணி என்னும் ஊரில், நோயால் முடங்கிய கைகளுக்கு விடிவு பிறந்த வரலாற்றை அறிந்திலர். அறியாமை அவர்தம் குற்றமன்று. அதனை அவர்தம் மொழியில் எடுத்துரைப்பார் இன்மையே குற்றம்.

திருமணியில் 1924ஆம் ஆண்டு, வில்லிங்டன் சீமாட்டி பெயரால் தொழுநோய் மருத்துவ நிலையம் ஒன்று தோன்றிற்று. 1955இல் நடுவணரசு அதனை ஏற்றுத் தொழுநோய்ப் பயிற்சி ஆராய்ச்சி நிறுவனமாக்கியது. அங்குப் பணியாற்றிய மருத்துவர் இராபர்ட்டு காக்ரேன், 1940களில் தாப்சோன் என்னும் மருந்தைத் தொழுநோயர்க்கு அளித்து ஆய்ந்த முன்னோடிகளுள் ஒருவர். 1947இல் அவர் அழைப்பின்பேரில் அங்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்டு, நோயர் ஒருவரின் மடங்கிய கையைப் பற்றினார். முடங்கிய அக்கை, அவர் கை நோவுமாறு இறுகப் பற்றிற்று! விரல் மடங்கினும் தசையெல்லாம் சாகவில்லை; சில நரம்புகளே செயலற்றன; நலமான தசைநாணை இடம் மாற்றிப் பொருத்தின் கை மீண்டும் விரியும் என்னும் எண்ணம் அங்கே முளைத்தது. வேலூரில் அஃது அறுவை மருத்துவமாக வளர்ந்து உலகெங்கும் பரவிற்று.

இந்நோயை விளைப்பது கண்ணுக்குப் புலனாகா நுண்ணுயிரி. நோய் செய்யும் நுண்ணுயிரிகள் யாவும் ஓரினத்தன அல்ல. பாக்டீரியா என வழங்கும் குச்சுயிரி, தனக்கென உடற்சுவர் உடையது. ஊட்டம் கிடைப்பின் தானே இரண்டாய்ப் பிளந்து பெருகுவது. வைரசு எனப்படும் நச்சுயிரியோ அதனினும் மிகச் சிறியது. பிற உயிரணுவினுள் புகுந்து, அவ்வுயிரணுவைத் தனக்கு ஏவலாளாக்கினாலன்றிப் பெருகமாட்டாதது. மலேரியா என்னும் முறைக்காய்ச்சலைத் தருவது இவ்விரண்டினும் வேறாய ஓரணுவுயிர். படர்தாமரை பூஞ்சையால் வருவது. குச்சுயிரியைக் கொல்லும் மருந்து நச்சுயிரியைத் தீண்டாது. தடுமன் பிடித்தவுடன் மருந்துக்கடையில் கண்ட வில்லையை வாங்கி விழுங்குவோர் இவ்வேறுபாட்டை அறியாதாரே!

குடலில் வாழும் குச்சுயிரி ஒன்று, தக்க சூழலில் 20 மணித்துளியில் இரட்டிக்கும். என்புருக்கி நோயின் குச்சுயிரிக்கு ஏறத்தாழ 20 மணிநேரம் வேண்டும். தொழுநோயின் குச்சுயிரிக்கோ 12 முதல் 14 நாள்! நார்வே நாட்டு அறிஞர் ஆன்சன் 1873இலேயே அதனைக் கண்டறிந்தும், இன்றுவரை அஃது ஆய்வகத்துச் செயற்கை ஊட்டத்தில் வளர்க்கப்பட்டிலது. மக்களுள் மிகப் பெரும்பாலோர் உடல் அதனை இயல்பாகவே எதிர்த்து வெல்கின்றது. நோயுயிரிகளுள் அஃது ஓர் ஏழை, சோம்பேறி. பின் எவ்வாறு கைகால்களைச் சிதைக்கின்றது?

அது நாடுவது உடலின் குளிர்ந்த பகுதிகளில் உள்ள தோலையும் நரம்பையும். நரம்பு கெடின் உணர்வு போகும். கொதிகலத்தைப் பற்றிய கை சூட்டை உணராது. முள் தைத்த கால் நோவை உணராது. பேணப்படாத புண் புரையோடும். அப்புண்ணே விரலைத் தின்னும். நோவு என்பது உடலின் காவலாள். அக்காவலாளைக் கொன்றுவிட்டு அகல்வதே இந்நோயுயிரியின் தொழில்.

தொழுநோய் என்னுஞ் சொல் நாலடியாரிலேயே உண்டு. ஆயின், முன்னர் நண்டின் காலை ஒடித்துத் தின்ற பழவினையே விரலழுகும் நோயாய் வந்தது என்று அந்நூல் கூறும். உயிர்க்கொலையை விலக்க எழுந்த அறவுரை அது. நோய்முதல் நாடிய மருத்துவவுரை அன்று. எனினும் அத்தகைய எண்ணம் ஊர்தோறும் வேரூன்றி, நோயுற்றவனையே குற்றவாளியாக்கிற்று. சொல் தமிழ் என்பதனால் மட்டும் கருத்து மெய்யாகிவிடாது. தமிழைக் காப்பவன் காக்க வேண்டியது சொல்லையேயன்றிப் பழம்பிழையை அன்று.

பிழை ஏட்டோடு நின்றதா? இல்லை. நோயரைப் பிரித்து அடைத்துவைக்க வழிவகுத்து 1898இல் ஆங்கில ஆட்சி இயற்றிய தொழுநோயர் சட்டம், 2016இல்தான் நீக்கப்பட்டது. இந்நோயைக் காட்டி மணவிலக்குப் பெறும் வழி 2019இல்தான் அடைக்கப்பட்டது. மருந்து வந்து நெடுங்காலம் ஆன பின்னரே சட்டம் விழித்தது. ஊர்மனம் இன்னும் முற்றாக விழித்திலது.

தொழுநோய்க் குச்சுயிரியின் உடன்பிறப்பே என்புருக்கிக் குச்சுயிரி. இரண்டும் மெழுகு பூசினாற்போன்ற புறச்சுவர் உடையன. அதற்கும் அந்நாளைய செங்கற்பட்டு மாவட்டமே உலகின் ஆய்வுக்களம் ஆயிற்று. 1968இல் தொடங்கி, திருவள்ளூரைச் சூழ்ந்த ஊர்களில் இரண்டரை இலக்கத்திற்கு மேற்பட்டோர் தோள் நீட்டினர். சிலர்க்குப் பி.சி.சி. தடுப்பூசியும் சிலர்க்கு வெற்றூசியும் இடப்பட்டன. 1979இல் வெளிவந்த முடிவு மருத்துவ உலகைத் திகைக்க வைத்தது: வளர்ந்தோர்க்கு வரும் நுரையீரல் நோயை அவ்வூசி தடுக்கவில்லை! குழந்தைகளைத் தாக்கும் மூளையுறை நோய் போன்ற கொடியவற்றைத் தடுத்தலால், இன்றும் அது பிறந்த குழவிக்கு இடப்படுகின்றது. அவ்வாய்வு உலக மருத்துவ நூல்களில் செங்கற்பட்டின் பெயராலேயே வழங்குகின்றது. அன்று தோள் நீட்டிய உழவனின் பெயரனுக்கு அதனைத் தமிழில் விளக்கும் நூல்கள் எத்தனை? உடல் தமிழனுடையது, அதனால் விளைந்த அறிவு மட்டும் பிறமொழிப் பேழைக்குள் கிடப்பதா?

இவ்வினா வெறும் மொழிப்பற்றால் எழுவதன்று. 1982 முதல் உலக நலவாழ்வு நிறுவனம் பரிந்துரைத்துவரும் கூட்டுமருந்து, தொழுநோயை முற்றும் தீர்க்கின்றது. நோயின் அளவிற்கேற்ப 6 திங்களோ 12 திங்களோ உண்டால் போதும், கட்டணமும் இல்லை. 2005ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் நோயர் தொகை 10,000 பேர்க்கு ஒருவர்க்கும் கீழே இறங்கிற்று. ஆயினும், ஆண்டுதோறும் ஏறத்தாழ ஓர் இலக்கம் பேரிடம் இந்நோய் புதிதாகக் கண்டறியப்படுகின்றது. உலகின் புதிய நோயருள் பாதிக்கு மேற்பட்டோர் இவர்களே. இவருட் பலர் காலந்தாழ்த்தே மருத்துவரை நாடுகின்றனர். ஏன்? வெளிறிய தேமல் நோவதில்லை. நோவாமையே நோயின் அறிகுறி என்று அவர்க்கு உரைத்தார் இலர். அறிந்தவரோ, ஊர் ஒதுக்கும் என்றஞ்சி மறைக்கின்றனர். இழந்த நரம்பைப் பின்னர் எம்மருந்தாலும் மீட்டல் அரிது.

ஆகவே, செய்ய வேண்டுவது பெரிதன்று. உணர்ச்சியற்ற தேமல் கண்டால் உடனே அரசு மருத்துவமனைக்குச் செல்க என்பதைப் பள்ளிச் சுவரிலும் ஊர்ச் சாவடியிலும் நல்ல தமிழில் எழுதுக. நுண்ணுயிர் நூலைத் தமிழ்வழிக் கற்பிக்க. வசைச்சொல்லாகிவிட்ட 'குட்டரோகி'யை வாயினின்றும், பழவினைக் கதையை நெஞ்சினின்றும் அகற்றுக.

உணர்விழந்த தோல் தன்னைத் தீ சுடுவதையும் அறியாது. தன் மக்களுள் ஒருவனை ஒதுக்கி வைத்து, அதனால் தனக்கு வரும் கேட்டை உணராத குமுகாயமும் அத்தகையதே. தோலின் நோய்க்கு மருந்து வந்துவிட்டது. குமுகாயத்தின் நோய்க்கு மருந்து, மக்கள் மொழியில் வழங்கும் அறிவு ஒன்றே!