கொடையும் குடும்பச் சொத்தே



முன்பு நான் பணியாற்றிய தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளியின் பரிசளிப்பு விழாவுக்குப் பெரியவர் ஒருவர் ஆண்டு தவறாமல் வருவார். பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கியவர். ஆறாம் ஆண்டில் தமிழில் முதல் நிலை பெறும் மாணவருக்குத் தம் மனைவியின் நினைவாக 100 வெள்ளியும் ஓர் அகராதியும் வழங்குவார். அவர் மறைந்ததும் அப்பரிசும் நின்றுபோனது.

நெடுநாள் கழித்து அவர்தம் மகனைக் கடைத்தெருவில் கண்டேன். "அப்பா இப்படிக் கொடுத்து வந்தது எங்களுக்குத் தெரியவே தெரியாதே, டீச்சர்!" என்றார். எனக்கு மனம் கனத்தது. அவர்கள் கருமிகள் அல்லர். பெரியவர் வீட்டில் சொல்லவில்லை, பள்ளியும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

வலக்கை கொடுப்பதை இடக்கை அறியலாகாது என்பர். ஊர் அறிய வேண்டாம். ஆனால் வீடு அறிந்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து.

தலைமுறை தாண்டிய கொடை நமக்குப் புதிதன்று. நகரத்தார் தம் வணிக வருவாயில் ஒரு பங்கை 'மகமை' என ஒதுக்கி அறம் வளர்த்தனர். இன்றும் நம் கோயில் திருவிழாக்களில் பல குடும்பங்களின் உபயம், பாட்டன் காலந்தொட்டுப் பேரன் காலம்வரை தொடர்கிறது. அது தொடரவும் பள்ளிப் பரிசு நிற்கவும் காரணம் என்ன? உபயத்துக்கு நாள் குறிக்கப்பட்டுள்ளது. கோயில் ஏட்டில் பெயர் உள்ளது. குடும்பமே கூடிச் சென்று செய்கிறது. இம்மூன்றையும் கல்விக் கொடைக்கும் கொண்டுவந்தால் என்ன?

பெருஞ்செல்வர்க்கே இது இயலும் என எண்ண வேண்டா. 1950களில் கோ. சாரங்கபாணி 'தமிழ் எங்கள் உயிர்' நிதிக்கு ஆளுக்கு ஒரு வெள்ளிதான் கேட்டார். மலாயாப் பல்கலைக்கழகத் தமிழ் நூலகத்துக்காக எளிய உழைப்பாளரும் அதனைத் தந்தனர். உடன்பிறந்தோர் ஐவர் மாதம் 20 வெள்ளி ஒதுக்கினால் ஆண்டுக்கு 1,200 வெள்ளி சேரும். ஓர் ஏழை மாணவரின் பள்ளிச் சீருடை, பை, பேருந்துக் கட்டணம் ஆகியவற்றுக்கு அது பெருந்துணையாகும்.

ஆகவே, தீபாவளிக்கோ பொங்கலுக்கோ அனைவரும் கூடும்போது அரைமணி நேரம் இதைப் பேசுங்கள். யாருக்கு, எவ்வளவு, எந்நாளில் என்பதை ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். பிள்ளைகளின் கருத்தையும் கேளுங்கள். அவர்கள் கையாலேயே கொடுக்கச் செய்யுங்கள். பள்ளிக்கும் வாரிசு ஒருவரின் தொடர்பு எண்ணைத் தந்து வையுங்கள்.

நிலத்தையோ பெருந்தொகையையோ அறத்துக்கு விட எண்ணுவோர் உயில் எழுதியே ஆகவேண்டும். தீபகற்ப மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் உயிலின்றி மறைந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி அவர் சொத்து துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் பிரியும். மனத்தில் மட்டும் இருந்த அறத்துக்குச் சட்டத்தில் பங்கில்லை. வழக்கறிஞரைக் கண்டு, பிள்ளைகள் அறியவே அதனை எழுதுதல் நன்று. பின்னாளில் பிணக்கு எழாது.

வீட்டையும் நகையையும் இன்னாருக்கு என்று சொல்லிவிட்டுப் போகிறோம். கொடுக்கும் பழக்கத்தையும் அவ்வாறே ஒப்படைத்துச் செல்வோம். அந்த அகராதிக்காக ஆண்டெல்லாம் முயன்று படித்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன், அதனாலேயே சொல்கிறேன்.

சிந்திப்போம், செயல்படுவோம்.